தணிகைமலை நிழலில் தறிகளின் ஓசை

திருத்தணிக்குச் செருத்தணி என்றொரு பழம்பெயர் உண்டு. 'செரு' என்றால் போர். சூரபத்மனோடு செய்த போரிலும், வள்ளிநாயகியின் பொருட்டு வேடர்களோடு நிகழ்ந்த பூசலிலும் எழுந்த சினம் முற்றும் தணிந்து முருகப் பெருமான் அமர்ந்த மலை இது என்பர் பெரியோர். ஆகவேதான் கந்த சஷ்டியின்போது மற்ற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே அது நடப்பதில்லை. அதற்கு மாறாகப் பெருமானுக்கு மலர்களைக் குவித்துப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். சன்னதிக்கு எதிரே உள்ள யானை வாகனமும் கருவறையைப் பார்க்காமல் கிழக்கு நோக்கி நிற்கிறது. மாமனாராகிய இந்திரன் சீராகத் தந்த ஐராவதம், தன் பழைய இருப்பிடத்தின் மீது பார்வை வைத்திருக்கிறது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

அமைதியின் தலமாகிய இந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று பிழைப்பு அவ்வளவு அமைதியாக இல்லை. அதைப் பற்றி அன்பர்களோடு சிறிது பேச விரும்புகிறேன். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் சில ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில், இங்கே பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

திருத்தணி சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். திருப்பதி அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஊருக்குப் பெரும் பேறு. ஊரின் தொல்லையும் அதுவே. விடியற்காலையில் வேனில் வந்து இறங்குகிறோம். வண்டி மலைமேல் வரை செல்வதால் 365 படிகளையும் ஏறும் சிரமம்கூட இல்லை. தரிசனம், பிரசாதம், சிற்றுண்டி எல்லாம் முடிந்து ஒன்பது மணிக்கெல்லாம் நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் புறப்பட்டுவிடுகிறோம். தணிகையில் கால் பதித்து, திருப்பதியில் தலை சாய்க்கிறோம். தங்கும் விடுதியின் வாடகை, இரவுச் சாப்பாடு, ஊருக்கு வாங்கிப் போகும் பொருள் யாவும் அங்கேதான் செலவாகின்றன. வேங்கடவன் தணிகைவேலனுக்கு மாமன். மாமன் வீட்டுக்குப் போவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருமகன் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட நாம் உட்காருவதில்லை.

மலையிலிருந்து மேற்கே, சோளிங்கர்ப் பக்கமாகச் செல்லும்போது ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் அம்மையார்குப்பம் இருக்கிறது. பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, சொரக்காய்பேட்டை என்று அந்தப் பகுதியில் வரிசையாகப் பல நெசவு ஊர்கள் உண்டு. அவற்றுள் பெரியவற்றில் ஒன்று அம்மையார்குப்பம். தெருவில் நுழைந்தாலே தறியின் ஓசைதான் வரவேற்கும். ஒரு காலத்தில் அது கைத்தறியின் நிதானமான தாளமாக இருந்தது. பின்னர் விசைத்தறியின் இடைவிடாத இரைச்சலாக மாறிற்று. வீட்டில் ஒருவர் தறியில் உட்கார்ந்தால், இன்னொருவர் தார் சுற்றுவார், மற்றொருவர் பாவு பிணைப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையும் மாலையில் ஒரு கை கொடுக்கும். பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். நூலும் பாவும் முதலாளி தருவார். நெய்த சேலையை அவரே எடுத்துக்கொள்வார். அது எந்தக் கடையில், என்ன பெயரில், என்ன விலைக்கு விற்கிறது என்பது நெய்தவருக்குத் தெரியாது.

இந்த நெசவு மரபுக்கும் முருகனுக்கும் உள்ள உறவு பழமையானது. வழிவழியாக நெசவு செய்துவரும் செங்குந்தர்கள், சூரனோடு போரிட்ட முருகனின் படைத்தலைவர் வீரவாகு தேவர் முதலிய நவவீரர்களின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதுபவர்கள். சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளப் படைகளின் பெயர்கள் வருகின்றன. வேலும் தறியும் ஒரே கையில் இருந்த காலம் அது. அந்த வழியில் வந்தவர்கள் தணிகைமலைக்கு இவ்வளவு அருகில் இருந்தும், மலைக்கு வரும் கூட்டத்தால் அவர்கள் தறிக்கு ஒரு முழம் நெசவும் கூடுவதில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

நெசவுக்கு வந்த இடர்கள் பல. கைத்தறிக்கென்று 22 வகைத் துணிகளை ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. பின்னாளில் அந்த ஒதுக்கீடு 11 வகைகளாகச் சுருங்கிற்று. கைத்தறியை விசைத்தறி தள்ளியது. விசைத்தறியைச் சூரத்திலிருந்து வரும் மலிவான செயற்கை இழைச் சேலை தள்ளுகிறது. பஞ்சு விலையோ நிலையில்லாதது. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறும்போது முதலாளி பாவு தருவதைக் குறைப்பார். பாவு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அரசும் வாளாவிருக்கவில்லை. 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் ஆண்டில் சில மாதங்களுக்கு வேலை தருகிறது. இரண்டு மாதங்களுக்கு விசைத்தறிக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1,000 யூனிட்டாகவும், கைத்தறிக்கு 200-லிருந்து 300 யூனிட்டாகவும் உயர்ந்தது. இவை இல்லாதிருந்தால் இன்னும் பல தறிகள் நின்றிருக்கும். ஆனாலும் தறி ஓட மின்சாரம் மட்டும் போதாது. நெய்ததை வாங்க ஆள் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் பேருந்தில் ஏறிப் போகும் இளைஞனைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதியைத் தறி அவனுக்குத் தரவில்லையே!

மலையடிவாரத்துப் பிழைப்பும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. 2020 மார்ச்சில் நடை சாத்தப்பட்டு, பெரிய கோயில்கள் பக்தர்களுக்காக மீண்டும் திறந்தது செப்டம்பர் 1-ஆம் தேதிதான். அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகை பக்தர்கள் இன்றியே கழிந்தது. அடுத்த ஆண்டும் அதே நிலை. பூக்கட்டுபவர், காவடி வாடகைக்கு விடுபவர், முடி காணிக்கை எடுப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வெற்றிலை பாக்கு விற்கும் மூதாட்டி ஆகியோருக்கு ஆடிக் கிருத்திகை என்பது ஒரு நாள் திருவிழா அன்று; அரை வருடத்து வருமானம்.

வங்கியில் நான் கண்ட ஒரு காட்சி இங்கே பொருந்தும். ஆடிக் கிருத்திகை முடிந்த வாரத்தில் கடைக்காரர்கள் சில்லறை மூட்டைகளோடு வருவார்கள். மஞ்சளும் குங்குமமும் திருநீறும் படிந்த நோட்டுகளை எண்ணி முடிப்பதற்குள் காசாளருக்கு விரலெல்லாம் சிவந்துவிடும். கிளைக்கு அது மகிழ்ச்சியான வாரம். ஆனால் அடுத்த வாரமே, கட்டிய பணத்தில் பெரும்பகுதி வரைவோலையாக மாறி வெளியூர் மொத்த வியாபாரிகளுக்குப் போய்விடும். பொம்மை, வளையல், பிளாஸ்டிக் சாமான், மஞ்சள் துணி, சட்டம் போட்ட சாமி படம் எல்லாமே வெளியிலிருந்து வந்த சரக்கு. திருவிழாப் பணம் ஊருக்குள் இளைப்பாறிவிட்டுப் போகும் விருந்தாளி என்பது எனக்கு அப்போது விளங்கியது.

கணக்கு எளியது. பக்தர் ஒருவர் 300 ரூபாய்க்குக் கடையில் ஒரு பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது வெளியூர்ச் சரக்கானால் கடைக்காரரின் ஆதாயமாக ஐம்பது அறுபது ரூபாய் ஊரில் நிற்கும், மீதி போய்விடும். அதே 300 ரூபாய் அம்மையார்குப்பத்தில் நெய்த துண்டுக்குக் கொடுக்கப்பட்டால், நூலின் விலை போக, நெசவுக் கூலி, தார் சுற்றியவர் கூலி, சாயமிட்டவர் கூலி, கடைக்காரர் ஆதாயம் எல்லாம் இந்த வட்டாரத்திலேயே நின்று, மளிகைக் கடைக்கும் பால்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் என்று நான்கைந்து கை மாறும். சுற்றுலா வளர்ச்சி என்று பேசும்போது எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்றே பேசுகிறோம். வந்தவர் விட்டுச் சென்றது எவ்வளவு நாள் ஊரில் தங்கியது என்று எவரும் கேட்பதில்லை. வங்கிக்காரன் புத்தி அதைத்தான் முதலில் கேட்கும்.

ஆகவே எனக்குத் தோன்றும் முதல் வேலை, காவடி ஆடை. புஷ்பக் காவடி எடுத்துவரும் அன்பர் உடுத்தும் மஞ்சள் வேட்டி, பெண்கள் உடுத்தும் மஞ்சள் சேலை, பெருமானுக்குச் சார்த்தும் வஸ்திரம், வள்ளி தெய்வானைக்கு நேர்ந்துகொண்ட சேலை ஆகியவற்றுக்கான தேவை ஆண்டு முழுதும் உண்டு. மாதந்தோறும் கிருத்திகை வருகிறது; சித்திரையிலும் மாசியிலும் பிரம்மோற்சவம்; தைப்பூசம் இருக்கிறது. இந்த ஆடைகள் மலையைச் சுற்றியுள்ள தறிகளில் பருத்தியில் நெய்யப்பட்டு, அடிவாரத்தில் ஒரே இடத்தில், விலைச்சீட்டோடு, நெய்த ஊரின் பெயரோடு விற்கப்பட்டால் போதும். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது புதிதன்று. 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் செய்துவரும் வேலைதான். கோயில் நிர்வாகம் ஓர் இடம் தரவேண்டும். சங்கம் சரக்கைக் குறையாமல் வைக்கவேண்டும். பேரம் பேசும் தொல்லை இருக்கக்கூடாது.

ஊரின் பெயர் பொருளோடு ஒட்டிக்கொள்வதன் பலனை வேறு தலங்கள் கண்டிருக்கின்றன. திருப்பதி லட்டுக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழநிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019-ல் அதைப் பெற்றன. எல்லைக்கு அப்பால் ஸ்ரீகாளஹஸ்தியில் கலங்காரித் துணி அந்த ஊரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. காளத்திநாதர் தரிசனத்துக்கு வருகிறவர் கலங்காரியும் பார்த்துவிட்டுப் போகிறார்.

கோயிலைச் சந்தையாக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சன்னதித் தெருவில் நடக்க வழியின்றிக் கடைகள் அடைத்துக்கொண்டிருப்பதை நானும் விரும்பவில்லை. பக்தர் வேறு, பயணி வேறு. தரிசனத்தைக் காட்சிப் பொருளாக்கும் விளம்பரங்கள் எனக்கு உவப்பில்லை. ஆனால் கோயில் என்பது நம் நாட்டில் எக்காலத்திலும் பூசைக்கு மட்டும் உரிய இடமாக இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் நியமித்தவர்களின் பட்டியலைக் கல்வெட்டில் பாருங்கள். தையற்காரர், குயவர், சலவைத் தொழிலாளர், நாவிதர், சோதிடர் என்று ஓர் ஊரே அதில் இருக்கிறது. கோயில் வாழ்ந்தால் குடி வாழவேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இரண்டாவது வேலை, வருகிறவரை ஓர் இரவு தங்கவைப்பது. அதற்கு இந்தப் பகுதியில் இல்லாத பெருமையா? திருத்தணியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் சோளிங்கர். பெரிய மலையில் யோக நரசிம்மர், சின்ன மலையில் ஆஞ்சநேயர். ஒரு நாழிகை தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்பதால் கடிகாசலம் என்று பெயர் பெற்ற தலம். 1,300-க்கும் மேற்பட்ட படிகளைக் கண்டு மலைத்து, அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்பிய நம் வயதினருக்கு, 2024-ல் வந்த ரோப் கார் பெரிய வரம். சோளிங்கருக்கு மேற்கே வள்ளிமலை, வள்ளிநாயகி பிறந்து தினைப்புனம் காத்த இடம். வள்ளியைக் கண்ட மலையையும், வள்ளியோடு வந்து அமர்ந்த மலையையும் ஒரே பயணத்தில் தரிசிப்பதைவிடப் பொருத்தமான யாத்திரை முருகனடியார்க்கு வேறென்ன வேண்டும்? வழிப்பக்கத்தில் அம்மையார்குப்பத்துத் தறிகள். திருத்தணிக்குத் திரும்பியபின் மறுநாள் காலை திருவாலங்காடு. இறைவன் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இரத்தின சபை, காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடி நிழலில் அமர்ந்த இடம். இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்ததும் அங்கேதான்.

எல்லைக்கு அப்பாலும் உறவு நீள்கிறது. பத்மாவதித் தாயாரின் திருமணத் தலமான நாராயணவனம், ஈசன் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் சுருட்டப்பள்ளி, திருத்தணியை ஒருகாலத்தில் தன் ஆளுகையில் வைத்திருந்த ஜமீனின் தலைநகரான கார்வேட்டிநகரம் எல்லாம் அருகில் உள்ளவையே. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு வரும் கூட்டத்தில் பாதித் தெலுங்கு காதில் விழும். காவடிக்கு எல்லைச் சாவடி கிடையாது. இரண்டு மாநிலங்களின் சுற்றுலாத் துறைகளும் சேர்ந்து ஒரே பயணச் சீட்டில் இந்தத் தலங்களை இணைத்தால் இருபுறத்து ஊர்களும் பிழைக்கும்.

மார்கழி மாதத்தை நினைத்துப் பாருங்கள். இசை விழாவுக்காக வெளிநாடுகளிலிருந்தும் ரசிகர்கள் சென்னையில் வந்து தங்கும் காலம். 1775-ல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியது இந்தத் தணிகை மலையில்தான். முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டதாக வரலாறு. அதே மாதத்தில், டிசம்பர் 31-ஆம் தேதி, படித் திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் வெள்ளைக்காரத் துரைமார்களைப் பார்க்கப் போகும் வழக்கத்தை மாற்றி, துரைக்கெல்லாம் துரையான தணிகைவேலனைக் காணச் செய்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ் என்று அடியார்கள் பாடி ஏறும் காட்சியைக் காண, சபாவில் அமர்ந்திருக்கும் ரசிகருக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான் தேவை. அவர்களை அழைத்து வர இதுவரை எவரும் முறையாக முயன்றதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜப்பான் நாட்டில் ஷிகோகு என்ற தீவில், கோபோ தைஷி என்ற பௌத்த மகானின் நினைவாக 88 கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை உண்டு. வழி சுமார் 1,200 கிலோமீட்டர். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டதால் ஆளரவம் குறைந்துவரும் கிராமங்கள் அவை. யாத்திரிகர்களுக்குப் பழமோ தேநீரோ கொடுத்து உபசரிப்பதை அந்த ஊர் மக்கள் புண்ணியமாகக் கருதுகிறார்கள். நடக்க முடியாத முதியவர்கள் பேருந்திலும் செல்கிறார்கள். உபசாரம் இருப்பதால் யாத்திரிகர் தங்குகிறார். அவர் தங்குவதால் சிறு விடுதிகள் பிழைக்கின்றன. நம் முன்னோர் சத்திரம் கட்டி, தண்ணீர்ப் பந்தல் வைத்துச் செய்ததும் இதுவே.

நம்மைப் போன்ற முதியவர்கள் ஓர் ஊரில் இரவு தங்க என்ன எதிர்பார்க்கிறோம்? ஆடம்பரம் எதுவும் இல்லை. சுத்தமான கழிவறை வேண்டும். அதிலும் உட்கார்ந்து எழக் கைப்பிடி வேண்டும். படிகளின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும், நடுநடுவே உட்காரத் திண்ணையும் வேண்டும். இரவில் இட்லியோ கஞ்சியோ கிடைக்கவேண்டும். ஆட்டோக்காரர் சொல்லும் கட்டணம் பலகையில் எழுதியதாக இருக்கவேண்டும். கோடிக்கணக்கில் மதிப்பீடு போடும் திட்டங்களில் இந்தக் கைப்பிடி மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது!

சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து தரும் கொள்கையைத் தமிழக அரசு 2023-ல் வெளியிட்டது. 2022 ஜூலையிலிருந்து, நாள் வாடகை 1,000 ரூபாய்க்கு உட்பட்ட விடுதி அறைகளுக்கும் 12 விழுக்காடு சரக்கு-சேவை வரி வந்து சிறு விடுதிக்காரர்கள் தவித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இதை நம்பி ஊரில் சிலர் கடன் வாங்கி விடுதி கட்ட நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வேன். ஆடிக் கிருத்திகையின் ஐந்து நாள் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமையில் எத்தனை அறை நிரம்பும் என்று பார்த்துக் கடன் வாங்குங்கள். தவணை எல்லா மாதமும் வரும். திருவிழா எல்லா மாதமும் வராது. பெரிய கட்டடத்தைவிட, தறி இருக்கும் வீட்டின் முன்கட்டில் ஓர் அறையை ஒழுங்கு செய்து, விருந்தினர் தறியைப் பார்த்து, அந்த வீட்டிலேயே சாப்பிட்டு, நெய்தவர் கையாலேயே ஒரு வேட்டி வாங்கிச் செல்லும் ஏற்பாட்டுக்குச் செலவும் குறைவு, இடரும் குறைவு.

இந்து சமய அறநிலையத் துறை, 60 முதல் 70 வயது வரை உள்ள, ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பக்தர்களைக் கட்டணமின்றி அறுபடை வீடுகளுக்கு அழைத்துச் செல்லும் திட்டத்தை 2024 ஜனவரியில் தொடங்கியது. முதலில் 1,000 பேருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. அந்தப் பேருந்து தணிகைக்கும் வருகிறது. தரிசனம் முடிந்து திரும்பும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதை அம்மையார்குப்பத்தின் பக்கம் திருப்பச் சொல்லலாம். தறிக்கூடத்தின் முன் நான்கு நாற்காலிகளும் ஒரு பானைத் தண்ணீரும் இருந்தால் நம்மவர்களுக்குப் போதும். மஞ்சள் பாவு நிமிர்ந்து நிற்க, நாடா குறுக்கே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிமார்களில் பத்துப் பேராவது, பேரனின் காதுகுத்துக்கென்று முடிச்சில் வைத்திருக்கும் பணத்தை அங்கே அவிழ்ப்பார்கள்.